வசை என்னும் சொல்: பொருளும் தோற்றமும்

சினந்து கூறும் கண்டனவுரையை இன்று வசை என்கிறோம். அங்கதம் என்பதோ எள்ளல் இலக்கியத்திற்குரிய கலைச்சொல்லாக வகுப்பறைகளில் நிலைபெற்றுவிட்டது. இதனால், முன்னது இழிந்த பேச்சு, பின்னது நயமிக்க கலை என்னும் பாகுபாடு மாணவரிடையே வேரூன்றியுள்ளது. தொல்காப்பியம் இதற்கு இடந்தரவில்லை என்பதே எம் கருத்து.

செய்யுளியல் யாப்பின் வகைகளை ஏழாகக் கொண்டு, அவற்றுள் ஒன்றாக அங்கதத்தை வைக்கிறது. அதனைச் செம்பொருள், கரந்தது என இரண்டாகப் பிரித்து, வெளிப்படையாகக் கூறும் செம்பொருளுக்கே வசை என்று பெயரிடுகிறது. ஆகவே, வசை அங்கதத்திற்குப் புறம்பானதன்று. அதன் முதல் வகையாகும். இக்காலக் கலைச்சொல் பழிகரப்பை மட்டும் பற்றிக்கொண்டு மற்றதைக் கைவிட்டது.

சொற்பிறப்பு நோக்கில், வசை, வசவு ஆகியன 'வை' என்னும் வினையடியோடு உறவுடையன எனக் கருத இடமுண்டு. திட்டுதலைக் குறிக்கும் கன்னடப் 'பய்' இவ்வினையின் இனச்சொல்லாகும். யகரமும் சகரமும் தம்முள் மாறிவருதல் தமிழுக்குப் புதிதன்று. உயிர் பேச்சுவழக்கில் உசிர் என வழங்குவது காண்க.

எனினும், திருக்குறளின் 'புகழ்' அதிகாரத்தில் வசை என்பது பேச்சைக் குறிக்கவில்லை. இசைக்கு எதிர்ச்சொல்லாய், ஒருவர்மேல் நின்றுவிடும் பழியைக் குறிக்கின்றது. இசைத்தல் என்பதற்குச் சொல்லுதல் என்னும் பொருளும் உண்டு. பிறர் இசைப்பது இசையாகவும், பிறர் வைவது வசையாகவும் ஒருவரிடம் தங்குகின்றன எனலாம். வெறும் கோபச்சொல்லுக்கு இத்தகைய கனம் இராது.

புறநானூற்று 196ஆம் பாடல் இதனைத் தெளிவாக்கும். பரிசில் நீட்டித்த பாண்டியன் இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறனை ஆவூர் மூலங்கிழார் நேருக்கு நேர் கடிகிறார். இயன்றதைக் கொடுப்பதும் இயலாததை மறுப்பதும் முறையே. இயலாததை உண்டென்றும் இயன்றதை இல்லையென்றும் கூறுவது இரப்போரை வாட்டுவதோடு புரப்போர் புகழையும் குறைக்கும் என்கிறார். இதில் மறைபொருள் ஏதுமில்லை. ஆயினும், மன்னனின் புதல்வர் நோயின்றி வாழ்க, அவன் வாழ்நாளும் சிறக்க என்று வாழ்த்திவிட்டே புலவர் புறப்படுகிறார். அவ்வாழ்த்திலும் கசப்பு உண்டு என்பது வேறு.

செய்யுளியல் அங்கதச் செய்யுளை வசையொடும் நசையொடும் சேர்த்தே இலக்கணப்படுத்துகிறது. நசை என்பது விருப்பம். மன்னன் திருந்தவேண்டும் என்னும் விருப்பமே மூலங்கிழாரின் கடுஞ்சொல்லை வசவினின்று பிரிக்கின்றது என்று நாம் கொள்கிறோம். இப்பாடல் பாடாண் திணையில், பரிசில் கடாநிலைத் துறையில் வைக்கப்பட்டிருப்பதும் இங்கு எண்ணத்தக்கது.

அங்கதத்திற்கு எடுத்துக்காட்டாகத் தொண்டைமானின் படைக்கலங்களைப் புகழ்வதுபோல் இகழும் ஔவையாரின் 95ஆம் பாடலையே பெரிதும் சுட்டுகிறோம். அதனருகே 196ஆம் பாடலையும் வைத்துக் கற்பித்தால், தொல்காப்பியர் கூறிய இருவகையும் மாணவர்முன் நிற்கும்.