பெயர் சுட்டாக் கோபுரம்

கலைப்படைப்பு ஒன்றின் பொருள் யாது என்னும் வினாவிற்கு, படைத்தவன் கருதியதே பொருள் என்பர் ஒரு சாரார். காண்பவன் உள்ளத்தில் தோன்றுவதே பொருள் என்பர் மற்றொரு சாரார். மேலைநாட்டுத் திறனாய்வாளருள் விம்சாட், பியர்ட்சிலி என்னும் இருவர், படைத்தவன் கருத்தினை அளவுகோலாகக் கொள்ளுதல் பிழை என 1946இல் வாதிட்டனர். அவர்களே, நுகர்வோன் உணர்ச்சியை அளவுகோலாகக் கொள்ளுதலும் பிழையே என 1949இல் எழுதினர். இரு வாயிலையும் அடைத்தபின் எஞ்சுவது படைப்பு ஒன்றே. அப்படைப்பைக் கொண்டே நுகர்வோனுக்குரிய இடம் எத்துணையது என அளந்து காண இயலுமா என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட பொருள்.

அளந்து காண்டற்குத் தமிழகத்தில் நல்லதோர் இடம் உண்டு. அரசாணையின் தலைப்பிலும் மாணாக்கர் சான்றிதழிலும் நாம் நாள்தோறும் காணும் அரசு முத்திரையே அது. மேற்சொன்ன 1949ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாண அரசுக்கென அது வரையப்பெற்றது. வரைந்தவர் மதுரையைச் சார்ந்த ஓவியர் ஆர். கிருஷ்ணராவ். நடுவே ஒரு கோபுரம்; அதன் முன்னே அசோகர் தூணின் சிங்கமுகம்; இருமருங்கும் நாட்டுக் கொடி. அக்கோபுரம் எவ்வூர்க் கோபுரம்?

திருவில்லிபுத்தூர்க் கோபுரம் என்பதே பெருவழக்கு. பொது அறிவு நூல்களும் அங்ஙனமே கூறும். வடபத்திரசாயி கோயிலின் அக்கோபுரம் பதினொரு நிலையும் 192 அடி உயரமும் உடையது. மதுரைக் கோபுரங்களைப் போலச் சுதையுருவங்கள் செறிந்து மொய்க்காமையால், அதன் நிலைகளும் விளிம்புகளுமே கண்ணைக் கவர்வன. முத்திரைக் கோபுரமும் வெறுங் கோட்டுருவாய் நிற்றலின், இரண்டும் ஒன்றே எனக் காண்பார்க்குத் தோன்றுகிறது. இதனை முத்திரைக்குரியதாக எடுத்துரைத்தவர் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் என்னும் செய்தியும் வழங்குகிறது. மறுபுறம், தாம் மாதிரியாகக் கொண்டது மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் மேலைக் கோபுரமே என ஓவியர் கூறியதாகவும் பதிவு உண்டு. அது ஒன்பது நிலைக் கோபுரம். முத்திரை அளவினுள் நிலைகளை எண்ணி வழக்கைத் தீர்த்தல் இயலாது.

இவ்விரு செய்தியும் ஒன்றையொன்று மறுப்பன என்று கொள்ள வேண்டுவதில்லை. பரிந்துரைத்தார் நெஞ்சில் ஒரு கோபுரமும், வரைந்தார் கையில் மற்றொரு கோபுரமும் இருந்திருத்தல் கூடும். ஈண்டு நாம் நோக்கத்தக்கது வேறு. ஓவியரின் சொல் என ஒன்று வழங்கிய பின்னரும், காண்போர் தம் காட்சியை விட்டுக்கொடாமைக்குக் காரணம் யாது? அறியாமை என்றல் எளிது. ஆயின் அவ்விடை போதாது.

அகத்திணைத் தலைமக்களை இயற்பெயர் சுட்டிப் பாடலாகாது என்பது தொல்காப்பியர் வகுத்த நெறி. இதனைப் பண்பாட்டுக் கட்டுப்பாடாகவே உரைப்பார் பலர். கலைக் கண்கொண்டு நோக்கின், இது கேட்போனுக்கு இடம் ஒதுக்கும் நெறியாகவும் அமைகின்றது. பெயரில்லாத தலைவியின் துயரில் எவ்வூர்ப் பெண்ணும் தன் துயரைக் காணலாம்; பெயர் வந்த அளவிலே அவ்விடம் நிரம்பிவிடுகின்றது. பத்துப்பாட்டுள் நெடுநல்வாடையே இதற்குத் தக்க சான்று. கூதிர்க்கால இரவும், தலைவனைப் பிரிந்த அரசியின் ஆற்றாமையும் அகத்திற்கே உரியன. ஆயினும் பாசறைக்கண் வேலில் வேம்பு சூட்டப்பெற்றமை கூறப்படுதலின், வேம்பு பாண்டியர்க்கு அடையாளப் பூவாதல் பற்றி, அப்பாட்டினைப் புறமென்றார் நச்சினார்க்கினியர். பாட்டு முழுவதையும் திசை திருப்ப ஒரு பூ போதுமானதாயிற்று.

முத்திரைக் கோபுரத்தில் அத்தகைய வேம்பு இல்லை. ஊர்ப்பெயர் இல்லை, இன்ன கோயில் எனத் துணிதற்குரிய தெய்வவுருவும் இல்லை. ஓவியர் எக்கோபுரத்தைக் கண்டு வரைந்தாராயினும், வரைந்து முடித்தபோது அது அகப்பாட்டின் தலைவியைப் போலப் பெயர் சுட்டாததாய் அமைந்துவிட்டது. ஆகவே திருவில்லிபுத்தூரான் அதில் ஆண்டாள் பிறந்த தன் ஊரைக் காண்கின்றான். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவிலுள்ள இராசபாளையத்தான் அதே கோபுரத்தைத் தன்னதாகக் கொள்ளுதற்குக் காரணம் வேறு. 1949 ஏப்ரலில் மாகாண ஆட்சிப் பொறுப்பை ஏற்ற பூ. ச. குமாரசாமி ராஜா அவ்வூரினர். தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட இராசபாளையத்துக் குடியினர் ஒருவர், கிருஷ்ணதேவராயர் ஆண்டாள் வரலாற்றைத் தெலுங்கில் ஆமுக்தமால்யதாவாகப் பாடியதை அக்கோபுரத்தோடு சேர்த்து எண்ணினால் அதுவும் பொருந்துவதே. ஊர் இதுவென ஒத்துக்கொண்டார் இருவர்க்குள்ளேயே பொருள் இங்ஙனம் பிரிகின்றது! கடல் கடந்து வாழ்வான் ஒருவனுக்கோ, பழைய சான்றிதழின் தலைப்பிலுள்ள அதே கோபுரம் எவ்வூரும் ஆகாமல் பிறந்த நாடாகவே தோன்றலாம்.

அங்ஙனமாயின் எவரும் எதனையும் காணலாமோ எனின், ஆகாது. தஞ்சைவாணன் ஒருவன் இது எங்கள் பெரிய கோயில் என்று உரிமை கொண்டாடுவானாயின், படைப்பே அவனை மறுக்கும். தஞ்சையில் ஓங்கி நிற்பது கருவறைமேல் எழுந்த விமானம். சதுர அடியினின்று நாற்புறமும் ஒப்பக் குறுகி, எண்பட்டைச் சிகரத்தில் ஒற்றைக் கலயம் தாங்கி முடிவது அது. முத்திரையிலுள்ளதோ வாயிற்கோபுரம். அகன்ற அடியும், வண்டிக் கூடுபோல் நீண்டு வளைந்த தலையும், அத்தலைமேல் வரிசையாய் நிற்கும் கலயங்களும் உடையது. திருவில்லிபுத்தூரானுக்கு இடங்கொடுத்த அதே கோடுகள் தஞ்சைவாணனுக்கு இடங்கொடா. நுகர்வோன் உரிமைக்கு எல்லை வகுக்க ஓவியரை அழைத்துச் சான்று கேட்க வேண்டுவதில்லை. அவ்வெல்லை படைப்பினுள்ளேயே உளது என்பது எம் துணிபு.

இத்துணிபு கொண்டு ரசிகமணியின் திறனாய்வையும் ஒருவாறு மதிப்பிடலாம். கம்பன் கவியைத் தம் உள்ளத்து அனுபவமாக்கி, பிறரையும் அனுபவிக்கச் செய்த அவர்தம் ஆற்றலைப் புலவர் சிலர் குறைத்தே மதிப்பிட்டனர்; அது முறையன்று. ஆனால் தம் சுவைக்கு ஒவ்வாத பாடல்களைக் கம்பன் பாடியனவல்ல என அவர் விலக்கிய இடத்து, நுகர்ச்சி தன் எல்லையைக் கடந்து வரலாறாக வேடம் புனைந்தது. இப்பாட்டு எனக்குச் சுவைக்கவில்லை என்பது வேறு. இது கம்பன் வாக்கன்று என்பது வேறு. முன்னதற்கு அவர் உள்ளமே சான்று. பின்னதற்கு ஏடும் யாப்பும் மொழிநிலையும் சான்றாக வேண்டும். இது எங்கள் கோபுரம் என்னும் திருவில்லிபுத்தூரானின் கூற்று முன்னதன் பாற்படும். ஓவியர் எங்கள் கோபுரத்தையே வரைந்தார் என அவன் கூறத் தொடங்கின், அன்று தொட்டு அவனும் ஆவணம் காட்டக் கடமைப்பட்டவன். இளம் ஆய்வாளர் தம் ஆய்வேடுகளில் இவ்விரு கூற்றினையும் ஒன்றோடொன்று மயக்குதலைக் காணுந்தோறும் இவ்வேறுபாட்டின் இன்றியமையாமை புலப்படுகின்றது.

இன்னும் ஒன்று நோக்கத்தக்கது. 1969 சனவரி 14இல் சென்னை மாநிலம் தமிழ்நாடு எனப் பெயர் பெற்றது. முத்திரையின் எழுத்துகளும் மாறின. வடமொழி வாசகம் இருந்த இடத்தில் வாய்மையே வெல்லும் எனத் தமிழ் வாசகம் அமைந்தது. இவ்வாறு கோபுரத்தைச் சூழ்ந்த எழுத்தெல்லாம் திருத்தம் பெற்றன. கோபுரத்தின்கீழ் ஓர் ஊர்ப்பெயர் பொறிக்க மட்டும் எவரும் முற்படவில்லை.