பெருங்கப்பலின் விலை

ஸ்டார் வார்ஸ் ஆர்மடா என்ற மேசைக் கப்பற்போர் ஆட்டத்தின் சூப்பர் ஸ்டார் டெஸ்ட்ராயர் இரண்டடிக்கும் மேல் நீளமானது. ஆறடிக்கு மூன்றடி மேசையில் அதை இறக்கிவைத்ததுமே வாக்குவாதம் தொடங்கிவிடும். மலேசியாவின் பாலிக் புலாவில் கூடி ஆடும் எங்களிடையே இது பழைய வழக்கு. என் படைக்கான புள்ளியைக் கொடுத்துத்தானே வாங்கினேன் என்பார் ஒருவர். எத்தனை புள்ளி கொடுத்தாலும் இது நியாயமில்லை என்பார் எதிரில் இருப்பவர். முன்பெல்லாம் அடுத்த விதித் திருத்தம் வரட்டும் என்று தள்ளிப்போடலாம். ஆனால் 2024-இல் அட்டாமிக் மாஸ் கேம்ஸ் நிறுவனம் ஆர்மடா, அதன் சகோதர ஆட்டமான எக்ஸ்-விங் இரண்டையும் இனி வளர்ப்பதில்லை என்று அறிவித்துவிட்டது. இனி ஆடுகிறவர்களே தீர்ப்புச் சொல்லியாக வேண்டும்.

புள்ளிக்குப் புள்ளி சரியாகிவிடும் என்ற வாதத்தை முதலில் சோதிப்போம். ஒரு பெரிய கப்பல் சுற்றுக்கு 2 அடி கொடுக்கிறது, 8 அடி தாங்குகிறது. அதே விலைக்கு இரண்டு சிறிய கப்பல்கள். ஒவ்வொன்றும் 1 அடி கொடுக்கும், 4 அடி தாங்கும். கூட்டிப் பார்த்தால் இரு பக்கமும் ஒன்றுதான். மோதவிட்டால் கதை வேறு. இரண்டாம் சுற்று முடிவில் பெரியது முதல் எதிரியை முடித்துவிடும். அதற்குள் 4 அடி வாங்கியிருக்கும். பிறகு எதிரே நிற்பது ஒரே கப்பல், சுற்றுக்கு ஒரே அடி. மேலும் இரண்டு சுற்றில் அதுவும் போய்விடும். பெரியதிடம் 8-இல் 2 மிச்சம். சிறியது ஒன்று அழியும்போது அதன் பீரங்கியும் அழிகிறது. பெரியதோ கடைசி அடி விழும்வரை முழுப் பலத்தோடு சுடுகிறது. தாக்கும் பலத்தையும் தாங்கும் பலத்தையும் கூட்டி விலை போட்டால் பெரிய கப்பல் எப்போதும் மலிவாகவே கிடைக்கும். ஆகவே அதன்மேல் வேறொரு சுமையும் ஏற்றப்பட வேண்டும்.

ஃபேன்டஸி ஃப்ளைட் கேம்ஸ் 2012-இல் வெளியிட்ட எக்ஸ்-விங்கின் முதல் பதிப்பு அந்தச் சுமையை ஏற்றத் தவறியது. அதற்கு நேர்மாறாக, பருமனுக்குப் பரிசு கொடுத்தது. 2013-இல் வந்த மில்லேனியம் ஃபால்கனைப் பாருங்கள். சிறு கப்பலின் அடித்தட்டு 40 மில்லிமீட்டர் நீளம், ஃபால்கனுடையது 80. நேராகச் செல்லும் நகர்வுப் பட்டை, வேகம் ஒன்றுக்கு 40 மில்லிமீட்டர் வீதம் நீளும். பட்டையைக் கப்பலின் முன்னால் வைத்து, கப்பலைத் தூக்கிப் பட்டையின் மறுமுனையில் வைக்க வேண்டும். அதனால் கப்பலின் நீளமும் பயணத்தில் சேர்ந்துவிடுகிறது. வேகம் 3-இல் சிறியது 160 மில்லிமீட்டர் போகும், பெரியது 200. யாரும் புள்ளி கொடுக்காமலே ஃபால்கனுக்கு ஒரு வேகம் கூடுதல்!

அதோடு நிற்கவில்லை. மற்ற கப்பல்கள் பெரும்பாலும் மூக்கு நீட்டிய பக்கம் மட்டும் சுட, ஃபால்கன் எந்தத் திசையிலும் சுட்டது. எதிரியின் பின்னால் போய் நிற்பதுதான் இந்த ஆட்டத்தின் உயிர். ஃபால்கனுக்குப் பின்பக்கமே கிடையாது. ஹான் சோலோ ஓட்டும் ஃபால்கனின் விலை 100 புள்ளிப் படையில் 46. கவசமும் உடலும் சேர்த்து 13 அடி தாங்கும். தொடக்ககாலப் போட்டி விதிப்படி, முழுதாக அழித்தால்தான் அந்த 46-உம் கிடைக்கும். நேரம் முடிகையில் ஒரே ஒரு அடி தாங்கும் நிலையில் தப்பி ஓடினாலும் எதிரிக்குப் பூச்சியம். பெரிய கப்பலைப் பாதி சிதைத்தால் பாதிப் புள்ளி என்ற விதி பிறகுதான் வந்தது. 2018-இன் இரண்டாம் பதிப்பு எல்லாத் திசைச் சுடுதலையே எடுத்துவிட்டு, திசை மாற்றித் திருப்பவேண்டிய பீரங்கியைக் கொடுத்தது. முதல் பதிப்பின் ஃபால்கன் சமநிலை கெட்ட கப்பல் என்பதற்கு இதைவிடப் பெரிய ஒப்புதல் தேவையில்லை.

அதே நிறுவனம் 2015-இல் கொண்டுவந்த ஆர்மடாவில் சுமை சரியான இடத்தில் ஏற்றப்பட்டது. ஒவ்வொரு கப்பலுக்கும் கட்டளை டயல்கள் உண்டு. 44 புள்ளிக் கார்வெட் இந்தச் சுற்றின் கட்டளையை இந்தச் சுற்றிலேயே முடிவு செய்யும். 110 புள்ளி இம்பீரியல் ஸ்டார் டெஸ்ட்ராயரோ இரண்டு சுற்று முன்னதாகவே முடிவு செய்திருக்க வேண்டும். ஆட்டமே ஆறு சுற்றுதான். மூன்றாம் சுற்றில் திரும்பப்போகிறோமா, பழுது பார்க்கப்போகிறோமா என்பதை முதல் சுற்றிலேயே சொல்லிவிட்டு அதோடு வாழ வேண்டும். பலம் உண்டு, அவசரத்துக்கு மனம் மாற்ற முடியாது. எனக்குத் தெரிந்து பெரிய கப்பல்மேல் ஏற்றப்பட்ட மிக அழகான சுமை இதுதான்.

ஆனால் ஆர்மடா வேறோரிடத்தில் எதிர்ப்பக்கம் சாய்ந்தது. இரு ஆட்டக்காரர்களும் மாறிமாறி ஒவ்வொரு கப்பலாக இயக்குவார்கள். இரண்டு பெரிய கப்பல் வைத்திருப்பவர் இரண்டு முறையில் எல்லாவற்றையும் காட்டிவிடுவார். ஆறு கப்பல் வைத்திருப்பவர் மலிவான கப்பல்களை முதலில் நகர்த்திப் பொழுதைக் கடத்தி, எதிரி அசையமுடியாத நேரத்தில் தன் நல்ல கப்பலைச் சுடும் தூரத்துக்குக் கொண்டுவருவார். நம் ஆடுபுலி ஆட்டத்தில் 3 புலிக்கு எதிராக 15 ஆடுகள் இருந்தாலும் ஒரு முறைக்கு ஓர் ஆடுதான் அசையும். எண்ணிக்கை கூடினால் இடம் அடைக்கலாம், கூடுதல் முறை கிடைக்காது. ஆர்மடா இதைக் கவனிக்கத் தாமதித்தது. 2020-இன் விதித்தொகுப்புதான் குறைந்த கப்பல் வைத்திருப்பவருக்கு, எண்ணிக்கை வித்தியாசத்தைப் பொறுத்து, முறையை விட்டுக்கொடுக்கும் வில்லைகளைத் தந்தது. அதற்கு முன் பெரிய கப்பல் தன் விலைக்குக் குறைவாகவே உழைத்தது என்பது என் கணிப்பு.

சிறு விமானங்கள் பெருங்கப்பலை எளிதாக முடித்துவிடுமே என்பதும் எங்கள் மேசையில் அடிக்கடி எழும் வாதம். மலேசியாவில் அதற்குச் சான்று தேட வேண்டியதில்லை. 1941 டிசம்பர் 10 அன்று குவாந்தானுக்கு அப்பால், விமானப் பாதுகாப்பின்றி வந்த பிரிட்டிஷ் போர்க்கப்பல்களான பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் இரண்டையும் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. ஆனால் ஆர்மடாவில் சிறு விமானங்களுக்கு மொத்தப் புள்ளியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செலவிடக் கூடாது. 400 புள்ளிப் படையில், பின்னத்தை மேல்நோக்கி முழுமையாக்கினால், அதிகபட்சம் 134. அந்த உச்சவரம்பு இருக்கும்வரை குவாந்தான் உதாரணம் இங்கே செல்லாது.

இனி வழக்குக்குக் காரணமான கப்பல். சூப்பர் ஸ்டார் டெஸ்ட்ராயரின் இரண்டு முன்மாதிரி வடிவங்கள் 220, 250 புள்ளி. முழு எக்ஸிக்யூட்டர் வடிவங்களில் ஒன்று 381, இன்னொன்று 411. 400 புள்ளி ஆட்டத்தில் பின்னவை இரண்டையும் சமநிலை என்ற அளவுகோலால் அளப்பதே தவறு. 411 அந்த வரம்புக்குள்ளேயே அடங்காது. 381-ஐ வாங்கினால் படை என்று சொல்ல வேறொன்றும் மிஞ்சாது. இவை பெரிய போர்களுக்கானவை. முன்மாதிரிகள் அப்படியல்ல. 250 கொடுத்தவரிடம் துணைக்கப்பலுக்கும் தளபதிக்கும் விமானங்களுக்கும் சேர்த்து 150தான் மீதம். மெதுவாகத் திரும்பும் கப்பல், முன்கூட்டியே பூட்டப்பட்ட கட்டளைகள், மேசையில் மறைய இடமில்லாத நீளம்: சுமை போதுமான அளவுக்கு இருக்கிறது. 2020-இன் வில்லை விதியோடு ஆடினால் முன்மாதிரிகள் நியாயமானவை; வில்லை இல்லாமல் ஆடினால் அநியாயம் அவற்றை வாங்கியவருக்குத்தான். முகம் சுளிக்கும் எதிராளிகள் இதை ஏற்கமாட்டார்கள். அவர்கள் கப்பலின் முன்னால் போய் நிற்பதை நிறுத்திவிட்டு, அதன் பின்பக்கம் சேர இரண்டு சுற்று செலவிட்டுப் பார்க்கட்டும்.

ஆகவே பாலிக் புலாவ் மேசைக்கு நான் முன்வைப்பது இது. ஆர்மடாவில் 400 புள்ளி ஆட்டத்துக்கு முன்மாதிரிகள் இரண்டும் வரலாம், வில்லைகளோடு மட்டும். முழு எக்ஸிக்யூட்டர் வேண்டுமென்றால் புள்ளி வரம்பை உயர்த்தி, நாள் குறித்து ஆடுவோம். எக்ஸ்-விங்கின் முதல் பதிப்பை ஆட விரும்புகிறவர்கள் ஃபால்கனைக் கொண்டுவரலாம். பாதி சிதைந்தால் பாதிப் புள்ளி என்று ஆட்டம் தொடங்குமுன் ஒப்புக்கொண்டு வரவேண்டும்.