கோதுமைப் பீரும் கும்மிடிப்பூண்டி மேசையும்

பீரைப் பற்றி இத்திங்களிதழில் எழுதலாமா என்று நாம் சில நாள் தயங்கினோம். குடியால் சிதைந்த குடும்பம் ஒன்றையேனும் தம் பங்கில் கண்டிராத வாசகர் நம்மிடையே இருக்க மாட்டார். மதுவை விட்டொழிக்கும்படி தவக்கால மறையுரைகளில் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆயினும் ஒரு பொருளை ஆராயாமல் புகழ்வது எவ்வளவு சோம்பலோ, ஆராயாமல் ஒதுக்குவதும் அவ்வளவு சோம்பலே. மேலும், திருச்சபையின் பழைய இலத்தீன் ஆசீர்வாத நூலில் பீருக்கென்றே ஒரு மன்றாட்டு உண்டு. தானியத்தின் சத்திலிருந்து உருவான இப்பானம் மனிதருக்கு நலமளிக்கும் மருந்தாக வேண்டும் என்பதே அதன் சாரம். அந்த மன்றாட்டு நமக்குத் துணிவளித்தது. அது நம்மைச் சிந்திக்கவும் வைத்தது என்பதைக் கட்டுரையின் முடிவில் வாசகர் காண்பர்.

சென்ற கிறிஸ்துப் பிறப்புப் பெருவிழாவுக்கு மறுநாள் மாலை, கும்மிடிப்பூண்டியில் நண்பர் ஒருவரின் இல்லத்துக்கு விருந்தினராகச் சென்றிருந்தோம். அவருடைய மகன் சிப்காட் தொழிற்பேட்டையில் ஓர் ஆலையில் பொறியாளர். புதிய எந்திரம் ஒன்றை இயக்கக் கற்றுவரும்படி ஜெர்மனியின் பவேரியா மாநிலத்துக்கு அனுப்பப்பட்டவர், விழாவுக்குச் சில நாள் முன்புதான் திரும்பியிருந்தார். அங்கிருந்து கொண்டுவந்த அரை லிட்டர்ப் புட்டி ஒன்றை மேசையில் வைத்தார். ஊதா நிற முகப்புச் சீட்டில் 'அவென்டினுஸ்' என்ற பெயர் இருந்தது. பதினாறாம் நூற்றாண்டுப் பவேரிய வரலாற்றாசிரியர் ஒருவரின் பெயர் அது. ஷ்னைடர் குடும்பத்தார் 1907 முதல் தயாரித்துவரும் கருநிறக் கோதுமைப் பீர் இது. ஆண்டு முழுவதும் விற்கப்படினும், அதன் அடர்த்தியும் வெம்மையும் குளிர்காலத்துக்கே ஏற்றவை. பனிக்காலத்து இரவுகளில் சிறு குவளையில் ஊற்றிப் பேசிக்கொண்டே பருகுவது அவ்வூர் வழக்கமென்று பொறியாளர் கூறினார்.

சுவைக்குமுன் அதன் பிறப்பையும் சிறிது அறிதல் நன்று. பவேரியக் கோமகன்கள் 1516-ஆம் ஆண்டு ஏப்ரலில் இங்கோல்ஷ்டாட் நகரில் பிறப்பித்த ஆணைப்படி, வாற்கோதுமை, ஹாப்ஸ் என்னும் கொடிப்பூ, தண்ணீர் ஆகிய மூன்றைக் கொண்டே பீர் தயாரிக்க வேண்டும். கோதுமை ரொட்டிக்குரிய தானியமாதலால் அது பீருக்காகச் செலவாகிவிடக் கூடாது என்பது அதன் நோக்கங்களுள் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. எனினும் டேகன்பெர்க் என்னும் பிரபு குடும்பத்துக்கு மட்டும் கோதுமைப் பீர் தயாரிக்கும் தனியுரிமை இருந்தது. அக்குடும்பம் 1602-இல் வாரிசின்றி முடிந்தபோது, கோமகன் முதலாம் மாக்சிமிலியன் அவ்வுரிமையைத் தம் வசமாக்கிக்கொண்டார். அதன்பின் நெடுங்காலம் கோதுமைப் பீர் அரசின் தனிவாணிபமாக நின்று கருவூலத்தை நிரப்பியது. காலப்போக்கில் அதற்கு மவுசு குறைந்து வருவாய் சுருங்கியது. 1872-இல் கியோர்க் ஷ்னைடர் என்பவர் கோதுமைப் பீர் தயாரிக்கும் உரிமையைப் பெற்று, மறைந்துகொண்டிருந்த அக்கலையைக் காத்தார். மியூனிக் நகரிலிருந்த அவர்களுடைய ஆலை 1944-இல் குண்டுவீச்சில் அழிந்தது. அதுமுதல் டான்யூப் ஆற்றங்கரையிலுள்ள கெல்ஹைம் ஊரே அதன் இருப்பிடம்.

அவ்வூருக்கு அருகில்தான் வெல்ட்டன்பூர்க் என்னும் ஆசீர்வாதப்பர் சபைத் துறவுமடம் இருக்கிறது. அங்கே 1050-ஆம் ஆண்டு முதலே பீர் தயாரிக்கப்பட்டுவருவதாகச் சொல்வர். பவோலா நகர்ப் புனித பிரான்சிஸ்குவின் சபைத் துறவியர் பதினேழாம் நூற்றாண்டில் மியூனிக்கில் செறிவான பீர் தயாரித்தனர். இறைச்சி, முட்டை, பால் ஆகியவற்றை ஆண்டு முழுவதும் விலக்குவதாக வார்த்தைப்பாடு அளித்தவர்கள் அவர்கள். தவக்கால நோன்பில் உடலைத் தாங்க அவர்களுக்கு அப்பானம் உணவாயிற்று. அது கோதுமைப் பீரன்று. ஆயினும் தானியச் செறிவால் அவென்டினுஸின் உறவினம் எனலாம். ஆக, மேசையிலிருந்த புட்டி நம் மறைக்கு முற்றிலும் அந்நியமான ஊரிலிருந்து வந்ததன்று.

இனிச் சுவைக்கு வருவோம். குளிர்பெட்டியிலிருந்து எடுத்து அரைமணி நேரம் வெளியே வைத்த பிறகே புட்டியைத் திறந்தோம். மிகவும் குளிர்ந்திருந்தால் நாக்கு மரத்து மணம் தெரியாது. குவளையைச் சாய்த்து ஊற்றியதும் பழுப்பு கலந்த வெண்ணுரை இரண்டு விரற்கடை உயர்ந்து நின்றது. நிறம், முற்றிய கருப்பட்டிப் பாகின் நிறம். விளக்குக்கு எதிரே பிடித்தால் ஓரத்தில் செம்மை தெரிந்தது. இப்பீர் வடிகட்டப்படுவதில்லையாதலால் ஈஸ்டின் வண்டல் அடியில் படிந்திருக்கும். கடைசிப் பங்கை ஊற்றுமுன் புட்டியை மெல்லச் சுழற்றி அதையும் கலந்துகொள்வது முறை.

மணத்தில் முதலில் வந்தது கிராம்பு. அதன் பின்னே, தோல் கறுக்கும்வரை பழுத்த வாழைப்பழம். பீருக்குள் கிராம்பும் இல்லை, வாழையும் இல்லை. கோதுமைப் பீருக்கென்றுள்ள ஈஸ்ட் வகை, நொதிக்கும்போது இவ்விரு மணங்களையும் தானே பிறப்பிக்கிறது. ஜெர்மானிய விதிப்படி கோதுமைப் பீரில் முளைகட்டிய தானியத்தின் பாதியேனும் கோதுமையாக இருத்தல் வேண்டும். அதன் மாவுத்தன்மை நாவில் வழவழப்பாகப் படர்ந்தது. முதல் மிடற்றில் உலர்ந்த திராட்சையும் பேரீச்சையும் சேர்ந்த இனிப்பு, இரண்டாம் மிடற்றில் வறுத்த ரொட்டியின் ஓரம், விழுங்கியபின் தொண்டையில் மெல்லிய வெம்மை. கசப்பு மிகக் குறைவு. புளிப்பு இருந்தும் இல்லாததுபோல் நின்றது. நம் நாவுக்கு இது முற்றிலும் புதிதென்று சொல்வதற்கில்லை. கோடையில் தொழிற்பேட்டைச் சாலையோரத்தில் விற்கும் கேழ்வரகுக் கூழும் இரவெல்லாம் புளித்த தானியமே. அதன் மண்வாசனையும் இலேசான புளிப்பும் அறிந்த நாக்கு இப்பீரின் அடியிலுள்ள தானியத்தை உடனே அடையாளம் கண்டுகொள்ளும்.

குறைகளும் சொல்ல வேண்டும். குவளை வெம்மையடைய அடைய இனிப்பு மேலோங்கிக் கிராம்பின் காரம் மங்கியது. வீட்டார் அன்போடு வைத்த அதிரசத்துடன் பருகியபோது இனிப்பின்மேல் இனிப்பாகித் திகட்டியது. ஆட்டுக்கறிக் குழம்புடன் பருகியபோதுதான் அதன் தகுதி விளங்கிற்று. எல்லாவற்றுக்கும் மேலாக, இதில் ஆல்ககால் 8.2 விழுக்காடு. அத்தனை வலிமையை அதன் மென்மை மறைத்துவிடுகிறது. இதை நாம் சிறப்பாகவும் கொள்கிறோம், எச்சரிக்கையாகவும் கொள்கிறோம். பானமாக மட்டும் மதிப்பிட்டால், இது நேர்மையான கைவினை. முதல் தரமானது என்று கூறத் தயங்கமாட்டோம்.

இங்கே ஒரு கணக்கைப் பார்ப்போம். நம் நாட்டில் விற்கும் 'ஸ்ட்ராங்' பீரிலும் ஆல்ககால் எட்டு விழுக்காடு வரை உண்டு. 650 மில்லி லிட்டர்ப் புட்டி ஒன்றில் ஏறத்தாழ 52 மில்லி லிட்டர் ஆல்ககால் அடங்கும். அவென்டினுஸ் அரை லிட்டரில் 41 மில்லி லிட்டர். வலிமையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் கடை வாசலிலேயே அண்ணாந்து ஊற்றிக்கொள்பவரிடம் அதன் மணத்தையும் நிறத்தையும் பற்றி எவரும் கேட்பதில்லை. அவருக்கும் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. உருக்காலையின் உலைக்கு முன்னே இரவு முறை முடித்து வருபவர் வேண்டுவது உடல்வலியின் மறதி. சொந்த ஊரைப் பிரிந்து பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து, ஓர் அறையில் பலராகத் தங்கிக் கோதுமை மாவு பிசைந்து ரொட்டி சுடும் இளைஞர் வேண்டுவது தனிமையின் மறதி. மறதியை விலைக்கு வாங்குபவர் சுவையைத் தேடுவதில்லை.

தமிழ்நாட்டில் 1983-இல் டாஸ்மாக் நிறுவனம் தொடங்கப்பட்டது. 2003 முதல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. பவேரியக் கோமகனின் கருவூலக் கதை நமக்கு விளங்காத கதையன்று. அரசு விற்பதனால் மட்டுமே சுவை கெட்டுவிடுவதில்லை என்பதற்கு அந்தக் கோதுமைப் பீரே சான்று. பருவமும் உணவும் உடனிருப்போரும் அளவும் நீங்கிவிட்டால், எந்தப் பானமும் வெறும் ஆல்ககால் கணக்காகச் சுருங்கிவிடும். அந்தச் சரிவின் அடியில் என்ன இருக்கிறது என்பதையும் நாம் கண்டோம். 2023 மே மாதம் விழுப்புரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் இருபதுக்கும் மேற்பட்டோரும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரும் மெத்தனால் கலந்த சாராயத்தால் மாண்டனர். மெத்தனால் ஆலைகளில் பயன்படும் வேதிப்பொருள். அதற்குச் சுவை பார்க்கும் நாக்கு தேவையில்லை.

இதுவரை எழுதியதோடு நிறுத்தியிருந்தால் இது நிறைவான மதிப்புரையாக நமக்கே தோன்றியிருக்கும். ஆனால் அம்மேசையில் நடந்த ஒன்றை மறைத்தல் நேர்மையாகாது.

மேசையில் நாங்கள் நால்வர் அமர்ந்திருந்தோம். நண்பர், அவர் மகன், நாம், நண்பரின் மைத்துனர். மைத்துனர் பல்லாண்டு இரும்பு உருட்டாலையில் உழைத்தவர். பொறியாளர் நான்கு குவளைகளில் ஊற்றி, ஒன்றைத் தம் மாமாவின் முன்னே நகர்த்தினார். அவர் அதைத் தொடாமல், "எனக்கு வேணாம் மாப்பிள்ளை, நீங்க சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு, பேச்சோடு பேச்சாக எழுந்து வெளித்திண்ணைக்குப் போய்விட்டார். நாமோ நுரையின் உயரத்தையும் கிராம்பின் மணத்தையும் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தோம். அவர் எழுந்து போனது நம் குறிப்பில் ஏறவில்லை.

விடைபெறும்போது அவர் திண்ணையில் எலுமிச்சைச் சாற்றுடன் அமர்ந்திருந்தார். ஏன் எழுந்துவிட்டீர்கள் என்று கேட்டோம். "ஆறு வருஷமாச்சுங்க ஐயா, விட்டு. நீங்க ருசி பார்த்துட்டுக் கீழ வெச்சிருவீங்க. எனக்கு வெக்கத் தெரியாது. அந்த வாசனையே எனக்கு ஒரு பாட்டில்" என்றார். அவர் குரலில் குறைப்பட்ட சாயல் சிறிதும் இல்லை. மார்கழிப் பனி இறங்கிக்கொண்டிருந்தது. நமக்கு மறுமொழி தோன்றவில்லை.

தன் உணவாலோ பானத்தாலோ சகோதரர் இடறிவிழாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும் என்று உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் பதினான்காம் அதிகாரத்தில் புனித பவுல் அறிவுறுத்துகிறார். உண்ணலாமா கூடாதா என்பதைப் பற்றி அவர் அங்கே நீண்ட வாதம் செய்வதில்லை. உடன் உண்பவர் யார் என்பதையே கேட்கிறார். திருச்சபையின் மறைக்கல்வி நூலும் 2290-ஆம் எண்ணில் மதுவை முழுவதும் விலக்கிவிடாமல், மிதமிஞ்சிய நுகர்வைத் தவிர்ப்பதே தன்னடக்கம் என்று போதிக்கிறது. மிதம் என்பதை நாம் நம் குவளையின் அளவாக மட்டுமே எண்ணியிருந்தோம். பக்கத்து நாற்காலியும் அந்த அளவுக்குள் அடங்கும் என்பது அன்றுதான் உறைத்தது. புட்டியைத் திறக்குமுன் ஒரு சொல் கேட்டிருந்தால் அந்த மாலையில் அவர் திண்ணைக்குப் போக நேர்ந்திராது. அந்தத் தவறு நம்முடையது. பொறியாளர் இளைஞர், மூத்தவர்களாகிய நாம்தான் கேட்டிருக்க வேண்டும்.

ஆகவே நம் தீர்ப்பு இரு பகுதியாக அமைகிறது. அவென்டினுஸ் நல்ல பானம். தானியத்தையும் காலத்தையும் மதித்துச் செய்யப்பட்டது. பருவமறிந்து, உணவோடு, அளவோடு பருகுவோர்க்கு அது இறைவனின் கொடையாகவே இருக்கக்கூடும். ஆனால் அன்று அந்த மேசையில் அது கொடையாக இருக்கவில்லை. நால்வரில் ஒருவரை வெளியேற்றிய பானத்துக்கு முழு மதிப்பெண் வழங்க நமக்கு மனம் வரவில்லை. அப்பழைய மன்றாட்டு அது மனிதருக்கு மருந்தாக வேண்டும் என்று கேட்கிறது. 'மனிதருக்கு' என்ற சொல்லில் திண்ணையில் அமர்ந்தவரும் அடங்குவார் அல்லவா?

வரும் கிறிஸ்துப் பிறப்பு விழாவுக்கு அந்த இல்லம் மீண்டும் நம்மை அழைத்திருக்கிறது. போகும் வழியில் கூழ்க்கடை அந்தப் பருவத்தில் இராது. எலுமிச்சம்பழம் ஒரு கூடை வாங்கிச் செல்லலாம் என்றிருக்கிறோம். சாறு பிழிந்து நால்வரும் ஒரே மேசையில் அமர்ந்து பருகினால் அதன் சுவையையும் எழுதத் தடையில்லை.