முதலாளியின் ஊரும் தொழிலாளியின் ஊரும்

தேவகோட்டை, காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர் முதலிய ஊர்களைத் தாயகமாகக் கொண்ட நாட்டுக்கோட்டை நகரத்தார்களின் வாணிப சரித்திரத்தைப் பற்றிச் சென்ற நூறாண்டுகளுக்கு மேலாக எழுந்துள்ள நூல்களையும் அறிக்கைகளையும் ஒருங்கே சேர்த்தால் ஓர் அலமாரி நிரம்பும். தென்னிந்தியத் தொழிற்சங்கங்களைப் பற்றிய நூல்கள் மற்றோர் அலமாரியை நிரப்பும். முதல் அலமாரியில் முதலாளியின் நடமாட்டமெல்லாம் விரிவாகக் காணக் கிடைக்கிறது, அவருடைய பணம் யார் யாருடைய உழைப்பில் பெருகியது என்பது மட்டும் மங்கலாகவே தெரிகிறது. இரண்டாவதில் தொழிலாளியின் குரல் கணீரென்று கேட்கிறது, அவன் எதிர்த்து நின்ற மூலதனம் எந்த ஊரிலிருந்து, எந்தக் குல வழக்கத்தை அனுசரித்து வந்தது என்ற விசாரணைதான் இல்லை. இவ்விரண்டையும் ஒருவரே எடுத்து ஒருசேரப் படிக்காததே இத்துறையின் பெருங்குறை என்பது என் அபிப்பிராயம்.

இப்பிரிவினைக்கு ஒரு காரணம் உண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பெருந்தொழில்கள் எழுந்த காலத்தில் முதலாளியின் மாளிகையும் தொழிலாளியின் குடிசையும் பெரும்பாலும் ஒரே நாட்டின் எல்லைக்குள் இருந்தன. 1892ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஹோம்ஸ்டெட் உருக்காலையில் தொழிலாளர்களும் பிங்கர்ட்டன் ஸ்தாபனத்தின் கூலிக் காவலர்களும் மோதி உயிர்ச்சேதம் நேர்ந்தபோது, ஆலையின் அதிபரான ஆண்ட்ரூ கார்னெகி பொறுப்பை ஃப்ரிக் என்பவரிடம் ஒப்புவித்துவிட்டு ஸ்காட்லாந்தில் இருந்தார். அவர் அங்கே தள்ளியிருந்ததையே பலர் ஒரு குற்றமாகச் சொல்லி வந்திருக்கின்றனர். நம்முடைய செட்டிநாட்டிலோ அந்தத் தூரம் விதிவிலக்கன்று, தொழிலின் அமைப்பே அதுதான். ‘கொண்டுவிக்க’, அதாவது வாணிபம் செய்ய, போன இடம் பர்மா, மலேயா, இலங்கை. உழைத்தவர்கள் ஐராவதி முகத்துவாரத்து நெல்வயல்களிலும், ரப்பர்த் தோட்டங்களிலும், பிற்காலத்தில் மதுரை ஆலைகளிலும் இருந்தனர். லாபம் வந்து சேர்ந்து, பர்மாத் தேக்கில் தூணாகவும் ஆத்தங்குடிக் கல்லில் தரையாகவும் கோயில் திருப்பணியாகவும் உருக்கொண்ட இடம் மட்டுமே இந்த வறண்ட பூமி.

முதல் அலமாரியிலிருந்து தொடங்குவோம். 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் குல வரலாற்றுத் தொகுதிகளில் நகரத்தாரைப் பற்றிய பகுதி, சடங்குகளுக்கு நடுவே அவர்களுடைய கணக்குப் பயிற்சியையும் தொட்டுச் செல்கிறது. ஆயினும் உண்மையான ஆதார நூல்கள் 1929-30ஆம் ஆண்டுகளில் நியமிக்கப்பட்ட சென்னை, பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழுக்களின் அறிக்கைகளே. அவற்றுக்குப் பின் வந்த ஒவ்வோர் ஆசிரியரும் அவற்றின் தோளில் நின்றே பார்க்கிறார். 1994இல் டேவிட் ருட்னர் எழுதிய நூல் இவ்வரிசையில் தலைசிறந்தது. சாதி என்பது வாணிப வளர்ச்சிக்குத் தடையென்று கருதிவந்த மேல்நாட்டுச் சமூக சாஸ்திரத்துக்கு மறுமொழியாக, கோயில், அறத்துக்கென ஒதுக்கும் மகமை, கொள்வினை கொடுப்பினை, கூடி நிர்ணயிக்கும் நடப்பு வட்டி ஆகிய அனைத்தும் சேர்ந்தே ஒரு வங்கி அமைப்பாக இயங்கியதை அவர் நிரூபித்தார். மாதந்தோறும் கோயிலில் கூடி வட்டி விகிதத்தை நிர்ணயித்த ஒரு சமூகத்தில், பக்தி எங்கே முடிந்து வியாபாரம் எங்கே தொடங்கியது என்று கோடு கிழிக்க இயலாது என்பதை அவர்போல் தெளிவாகச் சொன்னவர் வேறொருவர் இலர்.

ஆனால் அவருடைய நூலிலும் கடைக்குள் இருந்த படிநிலையை வர்க்கம் என்ற கண்ணோடு பார்ப்பது அரிதாகவே நிகழ்கிறது. ரங்கூனிலோ பினாங்கிலோ இருந்த ஒரு கிட்டங்கியை எண்ணிப் பார்க்கலாம். நீண்ட கூடம், அதில் பல மார்க்காக்களுக்கு (கடைப் பெயர்களுக்கு) உரிய பெட்டகங்களும் சாய்வு மேசைகளும் வரிசையாக இருக்கும், ஒவ்வொரு பெட்டியடியிலும் தரையில் அமர்ந்து பேரேடு எழுதுகிறவர்கள். முதலாளி தேவகோட்டையில் இருப்பார். அவர் பெயரால் கடையை நடத்துபவர் மேலாள் எனப்படும் ஏஜண்டு. அவருக்குக் கீழே அடுத்தாள். அவருக்கும் கீழே, தண்ணீர் எடுப்பது முதல் தண்டலுக்கு நடப்பது வரை எல்லா வேலைக்கும் உரிய பெட்டியடிப் பையன். ஏஜண்டுக்கு மூன்றாண்டுத் தவணைக்குச் சம்பளச் சீட்டு எழுதப்படும். சம்பளத்தில் ஒரு பகுதி புறப்படுமுன் குடும்பச் செலவுக்காக முன்பணமாகத் தரப்படும். தவணை முடிந்து ஐந்தொகை பார்த்துக் கணக்கு ஒப்புவித்தபின் லாபத்தில் ஒரு பங்கு உண்டு. மனைவி மக்களை உடன் அழைத்துச் செல்வது வழக்கமில்லை. இரவும் பகலும் கடையே வீடு, கடையே அடுப்பங்கரை.

இத்தகைய உழைப்பு எவ்விடத்திலும் ஒரு சங்கத்தைத் தோற்றுவித்திருக்க வேண்டும், இங்கே தோற்றுவிக்கவில்லை. அடுத்தாள் மேலாளாகலாம், மேலாள் சேர்த்த பணத்தைக் கொண்டு தனிக்கடை வைத்துத் தாமே முதலாளியாகலாம் என்ற நம்பிக்கை அவர்களை முதலாளியோடு பிணைத்திருந்தது. அந்த நம்பிக்கை பலருக்குப் பலித்தும் இருக்கிறது. ஆல்ஃபிரட் சாண்ட்லர் 1977இல் அமெரிக்கப் பெருநிறுவனங்களைப் பற்றி எழுதிய நூலில், சம்பளம் வாங்கும் நிர்வாகிகளின் படிநிலையே நவீன முதலாளித்துவத்தின் அடையாளம் என்கிறார். நகரத்தாரின் ஏஜண்டு அவ்வகை நிர்வாகி அல்லர். அவர் முதலாளியின் பங்காளியாகவோ உறவின் முறையினராகவோ இருந்தார். பணத்தைக் கையாடினால் போவது வேலை மட்டுமன்று, பெண் கொடுக்கவும் எடுக்கவும் ஊரில் ஆள் இருக்காது. குலத்தின் மானமே அவருக்கு மேற்பார்வையாளர். வர்க்க பேதம் அங்கே இல்லை என்று சொல்வதற்கில்லை. உறவு என்ற போர்வையால் அது மூடப்பட்டிருந்தது என்றே சொல்ல வேண்டும்.

ஆய்வாளர் எட்டாத இந்த இடத்தை நாவலாசிரியர் எட்டியிருக்கிறார். சிங்கம்புணரியில் பிறந்து இளம் வயதிலேயே சுமாத்திராவின் மேடானுக்குக் கடை வேலைக்குச் சென்ற ப. சிங்காரம், தம்முடைய ‘கடலுக்கு அப்பால்’, ‘புயலிலே ஒரு தோணி’ என்ற இரு நாவல்களில் வட்டிக்கடைச் சிப்பந்திகளின் பேச்சையும் பயத்தையும் ஏக்கத்தையும் பதிவு செய்திருப்பதை, இலக்கிய விமர்சகர்கள் பாராட்டிய அளவுக்குச் சரித்திரக்காரர்கள் பயன்படுத்தவில்லை. யூகோ நிஷிமுரா 1998இல் நகரத்தார் பெண்களின் சொத்துரிமையைப் பற்றி எழுதியது இன்னொரு திசையில் துணை செய்கிறது. ஆண்கள் கடல் கடந்திருந்த வீடுகளில் குடும்பப் பொருளாதாரத்தை யார் நடத்தினார்கள் என்ற கேள்விக்கு அதுவே நல்ல தொடக்கம்.

பர்மாவைப் பற்றிய ஆராய்ச்சி இத்துறையில் மிகவும் செழித்தது, மிகவும் மனவேதனை தருவதும் அதுவே. வங்கி விசாரணைக் குழு அங்கே சுமார் 1,650 செட்டிமார் கடைகள் இருந்ததாகக் கணக்கிட்டது; அவர்கள் பிறரைவிடக் குறைந்த வட்டிக்கே கொடுத்தார்கள் என்றும் அறிக்கை ஒப்புக்கொள்கிறது. உலகப் பொருளாதார மந்தம் வந்து நெல்லின் விலை சரிந்தபோது ஈடு வைத்த நிலமே கடனுக்கு வந்து சேர்ந்தது. நெல் விளையும் பதின்மூன்று முக்கிய மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு ஆறாக இருந்த செட்டிமாரின் நிலவுடைமை, 1937-38 வாக்கில் நூற்றுக்கு இருபத்தைந்தாயிற்று. விரும்பி வாங்கிய நிலமன்று அது; பணமாகத் திரும்பியிருந்தால் மகிழ்ந்திருப்பார்கள். ஆனால் நிலத்தை இழந்து குத்தகைக்காரனாகிவிட்ட பர்மிய உழவனுக்கு இந்தச் சூட்சுமம் ஆறுதலாகுமா? 1974இல் மைக்கேல் அடாஸ் எழுதிய நூல் அவ்வுழவனின் பக்கம் நின்று பார்க்கிறது. 1930 மே மாதத்தில் ரங்கூன் துறைமுகத்துத் தெலுங்குத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்ய, அவர்களுக்குப் பதிலாகப் பர்மியர் அமர்த்தப்பட, சமரசத்துக்குப் பின் பர்மியர் திருப்பியனுப்பப்பட, அதிலிருந்து மூண்ட கலகம் தொழில் தகராறாகத் தொடங்கி இனக் கலவரமாக முடிந்தது. அவ்வாண்டு டிசம்பரிலேயே சாயா சான் தலைமையில் உழவர் கிளர்ச்சி மூண்டது. முதலாளியும் இந்தியர், கூலியாளும் இந்தியர் என்று ஆகிவிட்ட நாட்டில் வர்க்கத்தின் கோபம் இனத்தின் கோபமாகத்தான் வெளிப்படும். ஜப்பானியப் படையெடுப்பும், விடுதலைக்குப்பின் 1948இல் வந்த நில தேசியமயச் சட்டமும் அந்த அத்தியாயத்தை முடித்து வைத்தன.

பர்மாவில் ஆட்டம் கண்ட மூலதனம் இந்தியாவில் ஆலையாகவும் வங்கியாகவும் உருமாறியது. மு. சிதம்பரம் செட்டியார் தோற்றுவித்த இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937 பிப்ரவரி 10ஆம் நாள் காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே சமயத்தில் திறக்கப்பட்டது. பள்ளத்தூர் முருகப்பா குடும்பம் 1949இல் சைக்கிள் உற்பத்தியில் இறங்கியது. கருமுத்து தியாகராஜச் செட்டியார் அதற்கும் முன்பே மதுரையில் மீனாட்சி மில்லை நிறுவியிருந்தார். இந்த இடத்தில்தான் முதல் அலமாரி முடிந்து இரண்டாவது தொடங்குகிறது.

இரண்டாவது அலமாரியின் முற்பகுதி நன்கு அறியப்பட்டதாகையால் விரைந்து கடக்கலாம். 1908இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை வழிகாட்டிய தூத்துக்குடி கோரல் மில் வேலைநிறுத்தம். 1918 ஏப்ரல் 27இல் செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு ஆகியோரின் முயற்சியால், பி. பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு பிறந்த சென்னைத் தொழிலாளர் சங்கம்; சென்னையில் ஜவுளி ஆலைகளை நடத்திய பின்னி கம்பெனி வாடியாவின்மீது தொடுத்த வழக்கின் எதிரொலியாகப் பின்னர் வந்த 1926ஆம் வருஷத்துத் தொழிற்சங்கச் சட்டம்; அக்கம்பெனியின் ஆலையில் நடந்த 1921 வேலைநிறுத்தத்தில் ஆதி திராவிடத் தொழிலாளர்களும் ஏனையோரும் பிளவுபட்டுப் புளியந்தோப்பில் ரத்தம் சிந்திய துயரம். ஈமன் மர்ஃபி நான்கு ஜவுளி மையங்களை ஒப்பிட்டு 1981இல் எழுதியதும், திலீப் வீரராகவன் சென்னைத் தொழிலாளி வர்க்கத்தைப் பற்றி எழுதி 2013இல் வெளியானதும் இத்துறையின் அடித்தளங்கள். இவை ஹார்வி, பின்னி போன்ற வெள்ளைக் கம்பெனிகளை எதிர்த்த போராட்டங்களை விளக்கும் அளவுக்கு, தமிழ் முதலாளியைத் தமிழ்த் தொழிலாளி எதிர்த்த கதையை விளக்குவதில்லை.

கருமுத்து தியாகராஜச் செட்டியாரின் வாழ்க்கையே அந்தக் கதையின் சிக்கலுக்கு உதாரணம். இளமையில் இலங்கைத் தோட்டத் தொழிலாளரின் நலனுக்காகப் பாடுபட்டவர், தமிழ்ப் பற்றாளர், கல்லூரிகள் கண்ட வள்ளல். அவருடைய ஆலையிலேயே முத்துராமலிங்கத் தேவர் தலைமையில் தொழிற்சங்கம் அமைந்தது. அதே தேவர் 1938இல் பசுமலை மகாலட்சுமி மில் போராட்டத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றார். சிராவயலில் ஆசிரமம் நடத்தி 1927இல் அங்கே காந்தியடிகளைச் சந்தித்த ப. ஜீவானந்தம், அடுத்த பத்தாண்டுகளுக்குள் ஆலைத் தொழிலாளர்களின் தலைவராகிவிட்டார்; செட்டிநாட்டுக் கிராமத்திலிருந்து ஆலை வாசலுக்கு அவர் நடந்த பாதை தனி நூலுக்கு உரியது. மீனாட்சி மில்லின் பெயர் இறுதியில் சட்டப் புத்தகத்திலும் ஏறியது: ஆட்குறைப்புக்கு முன் அரசாங்கத்தின் அனுமதி பெற வேண்டும் என்ற விதி செல்லுபடியாகும் என்று, அவ்வாலைத் தொழிலாளர்கள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1992இல் தீர்ப்பளித்தது.

இத்தனையும் ஊருக்கு வெளியே நடந்தவை. தேவகோட்டையைச் சுற்றியிருந்த பூமியிலேயே உழைப்பின் பிரச்சினை எவ்வுருவில் எழுந்தது என்று கேட்டால், விடை இரண்டு அலமாரிகளிலும் இல்லை. சாதியைப் பற்றிய மூன்றாவதொரு நூலில் இருக்கிறது. 1931 ஜனக்கணிப்பின் தலைவராக இருந்த ஜே. எச். ஹட்டன் தமது நூலில் எழுதுகிறார்: அன்று தேவகோட்டையும் உள்ளடங்கிய இராமநாதபுரம் மாவட்டத்தில் 1930 டிசம்பரில் கள்ளர் சாதியைச் சேர்ந்த நாட்டார்கள் ஆதி திராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள், பொன்னும் வெள்ளியும் அணியலாகாது, ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தலாகாது என்பன போன்றவை அவை. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன. 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாயின. இரண்டாம் பட்டியலைக் கூர்ந்து படித்தால், உடையைப் பற்றிய பேச்சுக்குப் பின்னால் கூலியைப் பற்றிய பேச்சே பிரதானமாக நிற்பது புலப்படும்: பிள்ளைகள் படிக்கக் கூடாது, மிராசுதாரரின் மாடுகளையே மேய்க்க வேண்டும், சொந்தமாக நிலம் பயிரிடக் கூடாது, காலை ஏழு மணி முதல் மாலை ஆறு மணி வரை மிராசுதாரரிடம் அடிமைபோல் உழைக்க வேண்டும், கூலி ஆணுக்கு நாலணா, பெண்ணுக்கு இரண்டணா. உலகில் எந்த ஆலை முதலாளியும் தன் வேலை நிபந்தனைகளை இவ்வளவு பச்சையாக எழுதி வைத்ததாக நான் படித்ததில்லை. 1934இல் ஹரிஜன யாத்திரையாகத் தேவகோட்டைக்கு வந்த காந்தியடிகள் நாட்டார்களைச் சந்தித்து இக்கொடுமையை நிறுத்தும்படி மன்றாடினார்.

நகரத்தார்கள் இத்தடைகளை விதித்தவர்கள் அல்லர் என்பதை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். ஆனால் கடல் கடந்த பணம் மாளிகைகளாக எழுந்து கொத்தனார், தச்சர், சித்தாள் என்று எண்ணற்றவர்களுக்கு ரொக்கக் கூலி கொடுத்து வந்த அதே சீமையில்தான், கூலியை நாலணாவில் கட்டிப்போட நிலவுடைமைக்காரர்கள் முனைந்தார்கள். ரொக்கக் கூலி பெருகியதால் வயல் வேலைக்கு ஆள் கிடைப்பது அரிதாயிற்றா, அந்த ஆத்திரந்தான் உடுத்தும் துணியின்மேலும் அணியும் நகையின்மேலும் பாய்ந்ததா என்பதை இனி வரும் ஆய்வாளர்கள் முதல் வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும். காலணாவையும் விடாமல் பற்றெழுதிய சமூகம் இது. வட்டிக்கணக்கைத் தேடிப் பேரேடுகளைப் புரட்டுகிறவர்கள், வீடு கட்டிய செலவுக் கணக்கில் சித்தாளுக்கு எழுதிய நாட்கூலியையும் ஆண்டுவாரியாகப் பெயர்த்தெழுதி, 1931இன் நாலணா இரண்டணாவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.