கப்பல் சாத்திரமும் ஓடாவியின் கையும்

1950இல் சென்னையில் அச்சேறிய 'கப்பல் சாத்திரம்', மரக்கலக் கட்டுமானம் குறித்துத் தமிழில் எஞ்சியுள்ள அரிய நூல்களுள் ஒன்று. ஆயினும் எந்த அளவு நன்மை தரும், மரத்தின் எந்தக் குறை தீங்கு தரும் எனப் பலன் கூறுவதிலேயே அது பெரிதும் ஈடுபடுகிறது.

14ஆம் நூற்றாண்டின் பயணி இப்னு பதூதாவோ, மாலத்தீவுக் கயிற்றால் தைத்த கலங்களைக் கண்டு காரணமும் எழுதினார்: ஆணியடித்த கலம் பாறையில் மோதினால் உடையும், தைத்தது நெகிழ்ந்து தப்பும். சோழமண்டலக் கரையின் மசூலாப் படகும் அலையை இவ்வாறே தாங்கியது.

மரக்காயர் என்னும் பெயரை மரக்கலத்தோடு இணைத்துப் பெருமிதம் கொள்ளும் நம் வரலாற்றெழுத்து, கலம் செலுத்தியோரைப் போற்றுகிறது. கலம் சமைத்த ஓடாவியை மறக்கிறது. அவரது அறிவு ஏட்டில் இல்லை. கையிலும் சொல்லிலுமே வாழ்கிறது. முதிய ஓடாவிகளின் தொழிற்சொற்களை இன்றே பதிவு செய்யாவிடில், அப்பெருமிதம் வெறும் பெயராராய்ச்சியாகவே மிஞ்சும்.