பழைய சின்னமும் புதுக் கட்டடமும்

பழைய சின்னம் ஒன்றுக்குப் புது முகப்போ கூடுதல் கட்டடமோ அமைக்கும்போது எல்லோரும் கேட்பது, "பார்க்க அழகா இருக்குமா?" என்றுதான். "இது எதை மறைக்கும்?" என்பதே முதலில் கேட்கவேண்டிய கேள்வி என்பது என் கருத்து. வடக்கே வாழும் நமக்கு எட்டும் தொலைவிலேயே இதற்கு இரண்டு சான்றுகள் உள்ளன.

முதலாவது, தில்லியில் ஹுமாயூன் கல்லறையை ஒட்டி 2024 ஜூலையில் திறக்கப்பட்ட அருங்காட்சியகம். 1993-லேயே உலகப் பாரம்பரியச் சின்னமாகிவிட்ட இடத்தருகே கட்டுவது லேசான காரியமா? 'பாவ்லி' எனப்படும் படிக்கிணற்றை மனத்தில் கொண்டு, கட்டடத்தைத் தரைக்குக் கீழே இறக்கிவிட்டார்கள். பக்கத்து நிஜாமுதீன் தர்காவில் 14-ஆம் நூற்றாண்டுப் பாவ்லி இன்றும் இருக்கிறது. ஆக, இது அந்த மண்ணுக்கே உரிய வடிவம். குவிமாடத்துக்குப் போட்டியாக மேலே எதுவும் எழவில்லை. 2014-இல் சூறைக்காற்றில் விழுந்த பழைய கலசம் இப்போது உள்ளே காட்சியில் இருக்கிறது. அண்ணாந்து பார்த்ததை அருகில் நின்று பார்க்கிறோம். கூடுதல் கட்டடத்தின் வேலை இதுதானே! இந்த அடக்கத்தால், அவசரமாக வருபவர் கவனிக்காமலே போய்விடக்கூடும் என்பது ஒன்றுதான் குறை.

இரண்டாவது, அமிர்தசரஸ் ஜாலியன்வாலா பாக். 1919 ஏப்ரல் 13 அன்று டயர் தன் படையோடு நுழைந்தது அங்குள்ள குறுகிய சந்து வழியாகத்தான். அவன் கொண்டுவந்த இரண்டு கவச வண்டிகளும் அதில் நுழைய முடியாமல் வெளியே நின்றன. உள்ளே இருந்தவர்களுக்குத் தப்ப வழியில்லாமல் போனதையும் அந்தச் சுவர்களே சொல்லும். 2021 ஆகஸ்டில் புதுப்பித்துத் திறந்தபோது, அதே சுவர்களில் மனித உருவங்களைப் புடைப்புச் சிற்பங்களாக அமைத்திருந்தார்கள். அன்று வந்த மக்களை நினைவூட்டும் நல்லெண்ணம்தான், மறுக்கவில்லை. ஆனால் வெறுஞ்சுவரின் இறுக்கம் நெஞ்சை அடைத்ததே, அது போய்விட்டது. சாட்சி சொல்லவேண்டிய சுவர் காட்சிப்பொருளாகிவிட்டது. கலசம் விழுந்தால் வேறொன்று செய்து வைக்கலாம். சாட்சியை மறுபடி செய்ய முடியுமா?

ஊரிலிருந்து உறவினர் வந்தால் தாஜ்மகாலோடு நிறுத்திவிடாமல் இந்த இரண்டு இடங்களுக்கும் கூட்டிப்போங்கள். கூடவே பிள்ளைகளிடம், "இங்கே எது பழசு, எது புதுசு?" என்று கேளுங்கள். புதுசு பழசைப் பார்க்க உதவுகிறதா என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள்.