வாயேஜரின் வெள்ளைத் தட்டு

காட்டுப்பள்ளிக்கு வடக்கே, பழவேற்காடு ஏரியைத் தாண்டினால் ஸ்ரீஹரிகோட்டா. அங்கே ராக்கெட் கிளம்பும்போது நம் கண் நெருப்பின் மேல்தான் நிற்கும். ஆனால் தொலைதூரக் கோள்களுக்குப் போகும் விண்கலத்தில் உண்மையில் ரசிக்க வேண்டியது அதன் டிஷ் ஆன்டெனா. 1977இல் புறப்பட்ட வாயேஜர் 2இன் தட்டு 3.7 மீட்டர் விட்டம் கொண்டது; மடிப்பு கிடையாது, கீல் கிடையாது. 20 வாட் சொச்சம் திறனை வைத்துக்கொண்டு 1989இல் நெப்டியூனின் படங்களை அனுப்பியது. அந்த அலை பூமிக்கு வந்து சேர நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

படம் எடுப்பது கேமரா, தட்டு வெறும் தபால்காரர்தானே என்று கேட்கலாம். கலிலியோ விண்கலத்துக்கு நேர்ந்ததைப் பாருங்கள். 1989இல் வியாழனை நோக்கிக் கிளம்பிய அந்தக் கலத்தின் பெரிய ஆன்டெனா, குடைபோல விரியும் வகை. 1991இல் விரிக்க முயன்றபோது முழுதாக விரியவில்லை. கேமராவில் ஒரு குறையும் இல்லை; ஆனால் நொடிக்கு 1,34,000 பிட் அனுப்பவேண்டிய கலம் சிறிய ஆன்டெனாவை நம்பி பத்து, நூறு என்று திணறியது. அப்படியும் வியாழனை ஆராய்ந்ததே என்றால், உண்மைதான். தரவைச் சுருக்கும் புது மென்பொருள் எழுதி, பூமியின் ஆன்டெனாக்களை ஒன்றிணைத்து அதைக் காப்பாற்றினார்கள். ஆனாலும் திட்டமிட்ட படங்களில் பெரும்பகுதி கைவிடப்பட்டது. பின்னர் சனிக்குப் போன கசினிக்கும் வியாழனுக்குப் போன ஜூனோவுக்கும் மடியாத தட்டையே பொருத்தினார்கள்.